ஃபோல்டர் எல்லாம் கொடுத்தார்கள், ஆட்களைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை

திடீரென்று டீம் லீட் ஆக்கப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நன்றாக வேலை செய்கிற ஒருவரைப் பிடித்து, "இனி இவங்க ஏழு பேரையும் நீங்கதான் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிட்டு மேலிடம் அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடும். எனக்கு நடந்ததும் அதுதான். ஒரு க்ளையன்ட்டின் பழைய பில்லிங் மென்பொருளில் இருந்த தரவு முழுவதையும் புது மென்பொருளுக்கு மாற்றிக் கொடுக்கிற புராஜெக்ட். பாதி வழியில் லீட் வேலையை விட்டுவிட்டார். அவர் ஒழுங்கான மனிதர், ஹேண்ட்ஓவரில் குறை சொல்ல முடியாது. ஃபோல்டர்கள், பாஸ்வேர்டுகள், க்ளையன்ட் பக்கத்தில் யார் எதற்கு ஒப்புதல் தருவார்கள் என்ற பட்டியல், நிலுவையில் கிடந்த டிக்கெட்டுகள் (ஒவ்வொரு வேலைக்கும் போட்டு வைக்கிற பதிவு) எல்லாம் இருந்தன. அந்த ஏழு பேரைப் பற்றி மட்டும் ஒன்றும் இல்லை. எழுத வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, மேனேஜருக்கும் தோன்றவில்லை.

நஷ்டக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோ-லைவ், அதாவது புது மென்பொருளை நிஜ வேலைக்குத் திறந்துவிடுவது, கவிழ்ந்து மாதக்கணக்கில் தள்ளிப்போனது. அந்த வருஷ போனஸ் எங்கள் யாருக்கும் வரவில்லை. அணியிலேயே கண் கூர்மையான டெஸ்டர் பேப்பர் போட்டார். பயந்துபோய் நானே கைக்காசு போட்டுச் சேர்ந்த கோச்சிங் (அணியில் இருப்பவர்களிடம் பேசி வழிநடத்துவது) சான்றிதழ் வகுப்பு ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் விழுங்கியது. அதில் உருப்படியாகக் கிடைத்ததை அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். தூக்கம் போனதும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைந்ததும் தனி.

முதல் சில வாரம் எல்லாம் சரியாகப் போவதாகத்தான் தெரிந்தது. தினமும் காலையில் ஸ்டாண்ட்-அப் என்கிற குட்டி மீட்டிங், வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள், ஷீட்டில் பச்சை போடுவோம். அணியில் மூத்தவர் ஒருவர் இருந்தார். அந்தப் பழைய மென்பொருளை அவரைவிட அறிந்தவர் யாரும் கிடையாது. என்னைவிட வயதில் ரொம்பப் பெரியவர். எதைக் கேட்டாலும் "பார்த்துக்கலாம்மா" என்பார். ஒரு நாள் மீட்டிங் முடிந்து எல்லோரும் லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்திருக்கும்போது, கதவுப் பக்கம் நின்று, "அந்த கிரெடிட் நோட் விஷயத்தை மட்டும் கொஞ்சம் பார்க்கணும்மா" என்றார். "சரி சார், பாருங்க, ஏதாவதுன்னா சொல்லுங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஷீட்டில் அந்த வரி பச்சையாகவே இருந்தது.

விஷயம் என்னவென்றால், கிரெடிட் நோட்டில் இருக்கும் தொகையை, அதாவது வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டியதை, பழைய மென்பொருள் மைனஸ் குறி இல்லாமல் வெறும் எண்ணாகவே வைத்திருந்தது. பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் ஓர் எழுத்தைப் பார்த்தால்தான் அது வரவா பற்றா என்று தெரியும். புது மென்பொருளுக்கு அந்த எழுத்து ஒரு பொருட்டே இல்லை, அது மைனஸைத்தான் எதிர்பார்க்கும். ஆக, கோ-லைவுக்கு மறுநாள் காலை, யாருக்கெல்லாம் க்ளையன்ட் பணம் தர வேண்டியிருந்ததோ அவர்கள் எல்லோரும் க்ளையன்ட்டுக்குப் பணம் பாக்கி வைத்தவர்களாகத் திரையில் வந்து நின்றார்கள். மதியத்துக்குள் ரோல்பேக், பழைய மென்பொருளுக்கே திரும்பிவிட்டோம். க்ளையன்ட் மேனேஜர் போனில் கத்தவில்லை, ரொம்ப மெதுவாகப் பேசினார். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்று ராத்திரி பழைய லீடுக்கு போன் போட்டேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அவர் கொஞ்சம் பார்க்கணும்னு சொன்னாரா? ஐயோ, அது அவரோட அபாயச் சங்குங்க! அவர் அப்படிச் சொன்னா நான் கையில இருக்கறதை அப்படியே போட்டுட்டுப் போய் அவர்கூட உட்கார்ந்துடுவேன். உங்களுக்குத் தெரியும்னு இல்ல நினைச்சேன்" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இதை ஒரு வரி எழுதி வைத்திருக்கக் கூடாதா? மூத்தவரிடம் கேட்டால் அவருக்கும் மனத்தாங்கல்: "நான்தான் சொன்னேனேம்மா." சொல்லியிருந்தார்தான். எல்லோர் முன்னாலும் "இது தேறாது" என்று சொன்னால், புதிதாக லீடாக வந்தவரைக் குறைத்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்து, எழுந்து போகிற நேரத்தில் சொல்லியிருந்தார். அவர் பார்வையில் அது எனக்குச் செய்த மரியாதை.

அதனால் முதல் யோசனை: ஓர் அணியை வாங்கும்போது ஃபோல்டர்களுக்கு முன்னால் ஆட்களைப் பற்றிக் கேளுங்கள். "இவர் எப்படி?" என்று கேட்டால் "நல்ல பையன்", "கொஞ்சம் கோபக்காரர்" என்று நற்சான்றிதழோ புகாரோதான் வரும், பயன்படாது. "வேலை சிக்கலில் இருக்கும்போது இவர் அதை எப்படிச் சொல்வார்? கடைசியாக அப்படிச் சொன்னது எப்போது, என்ன வார்த்தையில்?" என்று கேட்க வேண்டும். ஒருவர் மீட்டிங்கில் சத்தமாகச் சொல்வார். ஒருவர் ராத்திரி மெயில் போடுவார். ஒருவர் கேலி பேச ஆரம்பிப்பார். ஒருவர் சட்டென்று அடங்கிவிடுவார். ஒருவருக்குக் கேள்விகள் அதிகமாகும். எப்படிப் பேச வேண்டும் என்று லீடுக்குக் கற்றுக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தேவைப்பட்டது, ஏழு பேரின் முனகல் ஏழு விதமாக இருக்கும் என்று சொல்ல ஓர் ஆள்.

எட்வர்ட் ஹால் என்ற மானுடவியலாளர் 1976இல் இதைப் பண்பாடுகளுக்கு வைத்து விளக்கினார். சில இடங்களில் சொல்ல வேண்டியது முழுக்க வார்த்தையிலேயே இருக்கும். சில இடங்களில் யார், யாரிடம், எந்த நேரத்தில், எந்த முகத்தோடு சொன்னார் என்பதில்தான் பாதி சேதி இருக்கும். நாடு நாடாகப் பிரித்துச் சொல்லப்படுகிற இந்த வித்தியாசம், ஒரே அணியில் இருந்த எங்கள் ஏழு பேருக்குள்ளேயே இருந்தது. ஸ்டாண்ட்-அப் மாதிரியான மீட்டிங் முதல் வகைக்காரர்களுக்காகவே செய்தது. "ஏதாவது தடை இருக்கா?" என்று கேட்டால் அவர்கள் இருக்கு என்பார்கள். மற்றவர்கள் இல்லை என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் உங்கள் பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

ரோல்பேக் ஆனதும் ஹெச்.ஆர். விழித்துக்கொண்டது. அணிக்குள் பேச்சு சரியில்லை என்று கண்டுபிடித்து, ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார்கள். கேள்வித்தாள் நிரப்பினோம், ஆளுக்கொரு நிறம் கிடைத்தது: சிவப்பு என்றால் அதிரடி, மஞ்சள் என்றால் கலகலப்பு, பச்சை என்றால் அனுசரணை, நீலம் என்றால் கணக்குப் பார்க்கிறவர். அன்றைக்கு மதியம் ஜாலியாகத்தான் போனது, அதையும் மறைக்கக் கூடாது. பல மாதமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் நிறத்தைச் சாக்கு வைத்துச் சிரித்துப் பேசினார்கள். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அந்த நிறங்கள் ஆளுக்கொரு கேடயமாகிவிட்டன. எடுத்தெறிந்து பேசுகிறவர், "நான் சிவப்புங்க, அப்படித்தான் வரும்" என்றார். டெட்லைன் தவறியவர், "நீலத்தை அவசரப்படுத்தக் கூடாதுன்னு சொன்னாங்களே" என்றார். மூத்தவருக்குப் பச்சை வந்திருந்தது. அவர் எதிர்த்துப் பேசாததற்கு இப்போது ஒரு சான்றிதழும் கிடைத்துவிட்டது.

இந்த நாலு வகைப் பாகுபாடுகள் பலவற்றுக்கு மூலம் தேடிப் போனால் வில்லியம் மார்ஸ்டன் என்ற உளவியலாளர் வருகிறார். 1928இல் உணர்ச்சிகளைப் பற்றி எழுதியவர், பொய் கண்டுபிடிக்க இரத்த அழுத்தத்தை அளக்கலாம் என்று ஆராய்ந்தவரும் அவர்தான். அலுவலகத்தில் ஆள் எடுக்கவோ அணி கட்டவோ அவர் எந்தக் கேள்வித்தாளும் தயாரிக்கவில்லை. அதெல்லாம் பின்னால் வந்தவர்கள் செய்தது. நிறம் கொடுத்த அந்தப் பயிற்சியில் இன்னொன்றும் சொன்னார்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள்: பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான், குரலுக்கு 38, முகத்துக்கும் உடம்புக்கும் 55. ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த சோதனைகளிலிருந்து எடுத்தது அது. ஒற்றைச் சொல்லை ஒரு குரலிலும் வேறொரு முகத்திலும் காட்டி, சொல்கிறவருக்குப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்று கேட்ட சோதனை. எல்லாப் பேச்சுக்கும் அதைப் பொருத்தக் கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். வார்த்தைக்கு 7 சதவீதம்தான் என்றால் கிரெடிட் நோட் பிரச்சினையை நான் அபிநயம் பிடித்தே விளக்கியிருக்கலாமே! பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரித்து ஆளுக்கேற்றபடி சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதும் அதே வகை. 2008இல் ஹரோல்ட் பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, அப்படிப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதால் பலன் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். வகுப்புகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

என் கைக்காசில் சேர்ந்த சான்றிதழ் வகுப்பில் நான்கு படி கற்றுக்கொடுத்தார்கள்: இலக்கு என்ன, இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதைச் செய்யப் போகிறாய். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து க்ரோ என்பார்கள். ஜான் விட்மோர் 1992இல் எழுதிய புத்தகம் வழியாகப் பரவியது. நல்ல சட்டகம்தான், இன்றைக்கும் சிலரிடம் பயன்படுத்துகிறேன். ஆனால் அதை எடுத்துக்கொண்டு போய் மூத்தவர் எதிரே உட்கார்ந்து, "சார், இந்த மாதத்துக்கு உங்க இலக்கு என்ன?" என்று கேட்டால் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நீங்க சொல்றதைச் செய்யறதுதாம்மா" என்றார். பேச்சு அங்கேயே முடிந்தது. கொஞ்ச நாள் கழித்து தற்செயலாக, "சார், இதுக்கு முன்னாடி இந்த மாதிரி டேட்டா மாத்தினப்ப எது சொதப்பிச்சு?" என்று கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். வேறொரு நிறுவனத்தில், பல வருஷம் முன்னால், தேதியில் மாதமும் நாளும் இடம் மாறிப்போன கதை. அந்தக் கதைக்குள் எங்கள் புராஜெக்டில் அடுத்து உடையப் போகிற மூன்று இடங்கள் இருந்தன. கதை கேட்டால் அவரிடம் நான்கு படியும் தானாக வந்துவிடுகிறது. நேராகக் கேட்டால் ஒன்றும் வராது. வயதில் மூத்தவரை, அனுபவசாலியை கோச் செய்ய வேண்டிய நிலையில் இருப்பவர்கள் இதைச் செய்து பாருங்கள். அவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுப்பதாக இருக்காது, அவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதாக இருக்கும். காரியம் நடந்தால் சரி.

பேப்பர் போட்ட டெஸ்டர் விஷயம்தான் இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது. அந்தப் பெண் மீட்டிங்கில் வாய் திறக்க மாட்டார். க்ளையன்ட் பக்கத்து மேனேஜர் திடீரென்று, "டெஸ்டிங் என்ன நிலைமை?" என்று கேட்டால் முகம் வெளுத்து, "நடந்துட்டிருக்கு சார்" என்பதோடு நிறுத்திவிடுவார். அன்று சாயங்காலம் வரும் மெயிலில் எல்லாம் இருக்கும்: எத்தனை கேஸ் ஓடியது, எது எந்த வரியில் விழுந்தது, எதை மறுபடி ஓட்ட வேண்டும். அந்த மேனேஜர் மெயில் படிக்கிற ரகம் இல்லை, அவருக்கு உடனுக்குடன் வாயால் பதில் வர வேண்டும். டெஸ்டருக்கு வேலையில் பிடிப்பில்லை என்று எங்கள் மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார். அப்ரைசலில் அது வந்து உட்கார்ந்தது. நோட்டீஸ் பீரியடின் கடைசி வாரத்தில் அவர் என்னிடம் சொன்னார்: "மேம், யாராவது திடீர்னு கேட்டா எனக்குப் பதில் தெரிஞ்சாலும் வார்த்தை வராது. முந்தின நாள் ராத்திரியே என்ன கேட்கப் போறாங்கன்னு தெரிஞ்சா நல்லாப் பேசிடுவேன்." இவ்வளவுதான். முந்தின நாள் சாயங்காலம் நான்கு கேள்விகளை சாட்டில் அனுப்பியிருந்தால் போதும். அவர் இடத்துக்கு ஆள் எடுத்து, பழக்கி, அவர் செய்த வேகத்தில் பாதி வருவதற்கே அந்தக் காலாண்டு முடிந்துவிட்டது.

இப்போது எந்த மீட்டிங்காக இருந்தாலும் கேள்விகள் முந்தின நாளே போய்விடும். அவரைப் போன்றவர்களுக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும். ஒருவருக்காகச் செய்கிற வசதியை முடிந்தவரை எல்லோருக்கும் பொதுவாகச் செய்துவிட்டால் "அவங்களுக்கு மட்டும் ஏன்?" என்ற பேச்சு எழாது. க்ளையன்ட் மாதிரி வெளியாள் இருக்கிற மீட்டிங்கில், பேசத் தயங்குகிறவர் எழுதி அனுப்பியதை நான் திரையில் போட்டு, "இது இவங்க கண்டுபிடிச்சது, மேல சொல்லுங்க" என்று ஆரம்பித்துக் கொடுப்பேன். முதல் வாக்கியத்தை யாராவது எடுத்துக் கொடுத்தால் போதும், மீதியை அவர்களே பேசிவிடுவார்கள்.

பிறகு ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து பேசுகிற ஒன்-ஆன்-ஒன் ஆரம்பித்தேன். கேட்ட கேள்விகள் கொஞ்சம்தான். வேலை கையை மீறிப் போகும்போது அது எனக்கு எப்படித் தெரிய வரும்? தப்பு நடந்தால் அன்றைக்கே பேசலாமா, மறுநாளா? பேசுவதா, எழுதுவதா? முன்னே இருந்த லீட் செய்ததில் எதைத் தொடர வேண்டும், எது வேண்டவே வேண்டாம்? நல்ல பதில்கள் வந்தன. ஆனால் எச்சரிக்கையாக இருங்கள், தங்களைப் பற்றி ஆட்கள் சொல்வது அப்படியே உண்மையாக இருக்காது. புதிதாகச் சேர்ந்த பையன், "எதுவா இருந்தாலும் மூஞ்சிக்கு நேராச் சொல்லிடுங்கக்கா, எனக்கு அதுதான் பிடிக்கும்" என்றான். நேராகச் சொன்னேன், அதுவும் தனியாகக் கூப்பிட்டு. அந்த வாரம் முழுக்க அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, ஒரே ஸ்க்ரிப்டைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டே இருந்தான். தாங்குகிறவனாக இருக்க அவன் ஆசைப்பட்டான், இன்னும் ஆகவில்லை. ஆக, வாயால் சொன்னதை ஒரு பக்கம் குறித்துக்கொண்டு, அதற்கடுத்த சில வாரம் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எதிர்ப்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் கோச்சிங் தேவைப்படும்.

அவனிடம் எது எடுபட்டது என்றால், அவனைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு வேலையைப் பற்றி மட்டும் பேசியது. "நீ கவனமில்லாம இருக்க" என்பதோ, "நீ ரொம்பக் கெட்டிக்காரன்" என்பதோ இரண்டுமே அவனை அவனைப் பற்றி யோசிக்க வைத்தன. "இந்த ஸ்க்ரிப்ட் காலியான வரியைச் சந்திச்சா என்ன ஆகும், ஓட்டிக் காட்டு" என்றால் பத்து நிமிஷத்தில் தப்பைப் பிடித்து, திருத்தி, சிரித்துக்கொண்டு வருவான். இதற்கு ஆய்வுப் பின்னணி இருப்பது பின்னால்தான் தெரிந்தது. க்ளூகர், டிநீசி என்ற இருவர் 1996இல், அதுவரை செய்யப்பட்ட ஃபீட்பேக் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 600க்கும் மேற்பட்ட ஒப்பீடுகள். சராசரியாக ஃபீட்பேக் நல்லதுதான் செய்கிறது, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் சொன்ன பிறகு வேலை முன்னைவிட மோசமாகியிருக்கிறது. கவனம் வேலையிலிருந்து நகர்ந்து "நான் எப்படிப்பட்டவன்" என்ற பக்கம் போகப் போகப் பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். எனக்கு இது அந்த நிற அட்டைகள் எல்லாவற்றையும்விட உபயோகமாக இருந்தது. நிற அட்டை செய்கிற வேலையே, ஆளை "நான் எப்படிப்பட்டவன்" என்று உட்கார்ந்து யோசிக்க வைப்பதுதானே.

எடுத்தெறிந்து பேசுகிறவரை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் சிவப்பு மனிதர் கெட்டவர் இல்லை. யாராவது ஒரு டிசைன் சொன்னால் முடிக்கும் முன்னே, "இது வேலைக்காகாது" என்பார். நேரத்தை மிச்சம் பிடிப்பதாக அவர் நினைப்பு. "கொஞ்சம் மென்மையாப் பேசுங்க" என்று முன்பு சொல்லியிருக்கிறார்கள், அதில் அவர் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற அமைப்பு பரப்பிய எளிய முறை ஒன்று இருக்கிறது: எந்த இடத்தில், என்ன செய்தீர்கள், அதனால் என்ன ஆனது, மூன்றையும் மட்டும் சொல்வது. அப்படியே சொன்னேன்: "செவ்வாய்க்கிழமை ரிவ்யூல அந்தப் பையன் ரெண்டாவது ஸ்லைடுக்குப் போறதுக்கு முன்னாடி 'வேலைக்காகாது'ன்னீங்க. அதுக்கப்புறம் அவன் மூணாவது ஸ்லைடைக் காட்டவே இல்ல. அதுலதான் நீங்க கேட்ட பதில் இருந்தது." அவர் நிஜமாகவே அதிர்ந்துபோனார். "மூணாவது ஸ்லைடு இருந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். பையன் மனது புண்பட்டது என்று சொல்லியிருந்தால் அவர் தோளைக் குலுக்கியிருப்பார். ஒரு தகவல் கைநழுவிப் போயிற்று என்றதும் பதறினார். இன்னமும் சீறுகிறார், ஆனால் கடைசி ஸ்லைடு வரை பொறுத்துவிட்டுச் சீறுகிறார். நேராகப் பேசுகிறவருக்கு நேராகப் பேசுவதுதான் மரியாதை. பூசி மெழுகினால், ஏதோ மறைக்கிறோம் என்று சந்தேகப்படுவார்.

வாய்விட்டுப் பேசிப் பேசியே யோசிக்கிற ஒரு டெவலப்பரும் இருந்தார். அவர் சொல்லும் முதல் மூன்று யோசனையை முடிவு என்று நினைத்து ஆளாளுக்கு வேலையை ஆரம்பித்துவிடுவார்கள், அவர் நான்காவதுக்குப் போயிருப்பார். அவருக்குச் செய்தது ஒன்றே ஒன்று. பேசவிட்டு, கடைசியில், "இதுல எதை எழுதிக்கட்டும்?" என்று கேட்பேன். எழுதியது மட்டும்தான் முடிவு என்று அணிக்கும் சொல்லிவிட்டோம்.

இரண்டு பேர் வேறு இடத்திலிருந்து ஆன்லைனில் வேலை செய்தார்கள். அவர்களோடு வந்த மனக்கசப்பு முக்கால்வாசி சாட்டால் வந்தது. அவசரத்தில் நான் "சரி." என்று முற்றுப்புள்ளி வைத்து அனுப்பியதை வைத்துக்கொண்டு, கோபமா இல்லையா என்று அவர்கள் இரண்டு பேரும் தனியாக விவாதம் நடத்தியிருக்கிறார்கள். ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் மற்றவர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கிண்டலாகச் சொல்வதா நிஜமாகச் சொல்வதா என்பது மெயிலில் சரியாகப் போய்ச் சேரும் என்று எழுதுகிறவர்கள் அளவுக்கு மீறி நம்புகிறார்கள் என்று காட்டுகிறது. எழுதும்போது நம் குரல் நம் காதில் கேட்கிறது, படிக்கிறவருக்குக் கேட்பதில்லை. அதனால் மாற்றம், குறை, ஏமாற்றம் எதுவானாலும் முதலில் போன், பிறகு பேசியதைச் சுருக்கி எழுத்தில். எழுத்து மட்டும் வேண்டும் என்று கேட்கிறவருக்கும் கெட்ட சேதியை மட்டும் குரலில்தான் சொல்கிறேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆளுக்கேற்ற மாதிரி பேசுவது என்றால் ஆளுக்கேற்ற மாதிரி அளவுகோலையும் மாற்றுவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி விட்டால் அணி நாசமாகிவிடும். தேதி எல்லோருக்கும் ஒரே தேதி, தரம் ஒரே தரம். அதைச் சொல்கிற விதமும் நேரமும்தான் வேறு. எங்கள் அணியில் ஒருவர், "மூத்தவர்கிட்ட ஒரு மணி நேரம் உட்கார்றீங்க, என்கிட்ட அஞ்சு நிமிஷம்தான்" என்று கேட்டேவிட்டார். "உங்களுக்கும் ஒரு மணி நேரம் தர்றேன், வேணுமா?" என்றதும், "ஐயோ, வேணாம்" என்றார். ஆனால் கேட்டாரே, அது நல்லதாகப் போயிற்று. கேட்காமல் மனதில் வைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை: இப்படி வேலை செய்தால் உடம்பு அசந்துபோகும். காலையில் ஒருவரிடம் கதை கேட்டு, அடுத்தவரிடம் நறுக்கென்று பேசி, மூன்றாமவருக்கு எழுதி அனுப்பிவிட்டு, மதியம் என் சொந்த வேலையைத் திறந்தால் மண்டை ஓடாது. ஒன்-ஆன்-ஒன்களை எல்லாம் ஒரே நாளில் அடுக்கிப் பார்த்தேன், அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. இப்போது ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வைப்பதில்லை, இடையில் ஒரு மணி நேரமாவது ஆள் முகம் பார்க்காத வேலை. உங்கள் மேனேஜரிடம் இதற்கான நேரத்தை வெளிப்படையாகக் கேட்டு வாங்குங்கள். ஏழு பேரைப் பார்த்துக்கொண்டே முன்பு செய்த முழு வேலையையும் செய்யச் சொன்னால், இரண்டில் ஒன்று கெடும் என்று முதல் வாரத்திலேயே எழுத்தில் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது கோ-லைவ் சத்தமில்லாமல் முடிந்தது. கிரெடிட் நோட் அத்தனையும் மைனஸோடு வந்தது, மூத்தவர் ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே சரிபார்த்தார்.

ஒருவரிடம் மட்டும் எதுவும் செல்லுபடியாகவில்லை. கேள்வி அனுப்பினால் ஒரு வரி பதில், போன் போட்டால் "ம்", நேரில் உட்கார்ந்தால் கடிகாரத்தைப் பார்ப்பார். கதை கேட்டேன், எழுதச் சொன்னேன், வெளியே நடந்துகொண்டே பேசிப் பார்த்தேன், என்ன வேண்டும் என்று நேரடியாகவும் கேட்டேன். "ஒண்ணும் இல்லைங்க" என்பார். புராஜெக்ட் முடிந்ததும் அவராகவே வேறு அணிக்கு மாற்றம் கேட்டுப் போனார். அங்கே பிரமாதமாக வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டு, தாங்காமல் அங்கிருந்த லீடைப் பிடித்து, "அவர்கிட்ட எப்படிங்க பேசறீங்க?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேசறதில்லையே" என்றார். "திங்கட்கிழமை டிக்கெட்டை ஒதுக்கிடுவேன், வெள்ளிக்கிழமை முடிஞ்சிருக்கும்."